யாரும் குடியிருக்காத தொகுதி: ஓல்ட் சாரமும் நம்ம சென்னையும்

இங்கிலாந்தின் தேர்தல் வரலாற்றை யார் எழுதினாலும் ஓல்ட் சாரம் என்ற பெயர் எப்படியும் வந்துவிடும். குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லாத ஒரு மேடு, ஆனால் 1832 வரை அதற்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள். வரலாறு படித்தவர்களுக்கு இது ஒரு வரியில் கடந்துபோகிற செய்தி. படிப்பார்கள், வியப்பார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில். 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்திருந்தவர் தாமஸ் பிட். அதே மனிதர்தான் இங்கிலாந்தில் ஓல்ட் சாரத்தின் முதலாளி. ஆள் இல்லாத அந்த மேட்டுக்கு இரண்டு எம்.பி., ஆள் நிறைந்த எங்கள் ஊருக்கு, கை மாறுகிறோம் என்பதையே யாரும் கேட்டுச் சொல்லவில்லை. இந்த இரண்டும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன என்று தெரிந்த நாளிலிருந்து ஓல்ட் சாரத்தை ஒரு வேடிக்கைச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. அது நம் கதையின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். தெற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி நகருக்கு வடக்கே இரண்டு மைலில் ஒரு பெரிய மண்மேடு. இரும்புக் காலத்து மக்கள் சுற்றிலும் அகழி வெட்டி, கரை எழுப்பிக் குடியிருந்த இடம். பிறகு ரோமர்கள் வந்தார்கள், சாக்ஸன்கள் வந்தார்கள். நார்மன்கள் வந்து மேட்டின் நடுவே கோட்டை கட்டினார்கள். 1086-ல் இங்கிலாந்தின் பெரிய நிலக்கிழார்களை எல்லாம் முதலாம் வில்லியம் அழைத்து, எனக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டது இங்கேதான். 1092-ல் ஒரு பேராலயமும் எழுந்தது. அந்தக் காலத்தில் அது சின்ன இடமே இல்லை. அரசர் வந்து போகிற ஊர்.

ஆனால் மேட்டில் தண்ணீர் தட்டுப்பாடு. ஓயாத காற்று. போதாக்குறைக்குக் கோட்டைக் காவலர்களுக்கும் பாதிரியார்களுக்கும் இடையே தீராத சண்டை. பிஷப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே ஆற்றங்கரைச் சமவெளிக்கு இறங்கிவிட்டார். 1220-ல் அங்கே புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்றைக்கு 123 மீட்டர் உயரத்தில் நிற்கிற சாலிஸ்பரி கோபுரம் அந்தப் பேராலயத்தினுடையதுதான். கோயில் எங்கே போகிறதோ அங்கே சந்தை போகும், சந்தையின் பின்னால் சனங்களும் போவார்கள். மேட்டில் இருந்த பேராலயத்தைப் பிரித்துக் கல்லை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில் ஊர் காலியாகி, கோட்டையும் இடிந்து, ஆடு மேய்கிற புல்வெளியாகிவிட்டது.

ஊர் போனது, உரிமை போகவில்லை. 1295-ல் முதலாம் எட்வர்ட் கூட்டிய நாடாளுமன்றத்துக்கு ஓல்ட் சாரமும் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. நடுவில் சில காலம் அழைப்பு வரவில்லை என்றாலும் பதினான்காம் நூற்றாண்டில் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. எந்த ஊருக்கு எத்தனை உறுப்பினர் என்று அவ்வப்போது எண்ணிப் பார்த்து மாற்றும் ஏற்பாடு இங்கிலாந்தில் அப்போது கிடையாது. ஒருமுறை கிடைத்த இடம் கிடைத்ததுதான். சஃபோக் கடற்கரையில் டன்விச் என்றொரு துறைமுக ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் சரிந்து போய்க்கொண்டே இருந்தது, அதுவும் 1832 வரை இரண்டு பேரை அனுப்பிக்கொண்டே இருந்தது. கார்ன்வால் என்கிற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 44 உறுப்பினர்கள். பஞ்சாலைகளால் பெருத்து லட்சத்துக்கும் மேல் சனம் குவிந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒருவர்கூட இல்லை. பர்மிங்ஹாமுக்கும் லீட்ஸுக்கும் ஷெஃபீல்டுக்கும் அதே நிலைமைதான்.

ஆளே இல்லாத ஊரில் யார் வாக்களித்தார்கள் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. விஷயம் இதுதான். பழைய ஊரில் மனைகள் இருந்தன. ஒரு மனையைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு வாக்கு. வாக்கு ஆளோடு ஒட்டியது அல்ல, மண்ணோடு ஒட்டியது. வீடு இடிந்து, கூரை விழுந்து, உழவு ஓடிய பிறகும் அந்த மண் மனையாகவே கணக்கில் இருந்தது. ஆகவே எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி முழுக்க அவருடையது. தேர்தல் வரும்போது தனக்கு வேண்டியவர்கள் சிலருக்கு அந்த மனைகளைப் பேருக்கு எழுதிக் கொடுத்து வாக்காளர் ஆக்கிவிடலாம். 1831-ல் இப்படிப்பட்ட வாக்காளர்கள் 11 பேர். யாருமே அங்கே குடியிருந்தவர்கள் இல்லை.

தேர்தல் என்று ஒன்றை நடத்தத்தானே வேண்டும்? நடத்தினார்கள். மேட்டுக்குக் கீழே வயலில் ஒரு எல்ம் மரம், அதன் அடியில் தற்காலிகமாக ஒரு கொட்டகை. முறைப்படி ஆணையை வாசிப்பார்கள், பெயரை முன்மொழிவார்கள், முடிந்தது. பெரும்பாலான தேர்தல்களில் போட்டியே கிடையாது, உடையவர் யாரைச் சொன்னாரோ அவர் உறுப்பினர். அந்த மரத்துக்கு நாடாளுமன்ற மரம் என்றே பெயர் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது நின்றிருக்கிறது.

இனி தாமஸ் பிட். 1653-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்திய வணிகத்தில் ஏகபோக உரிமை இருந்த காலத்தில், அந்த உரிமையை மதிக்காமல் வங்கக் கடலோரம் பாலசூர் பக்கம் வந்து சொந்தமாக வியாபாரம் செய்தவர். கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. 1,000 பவுண்டு அபராதம் விதித்து, பிறகு 400 ஆகக் குறைத்தார்கள். அவர் சம்பாதித்திருந்ததற்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஊருக்குத் திரும்பி அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார். 1690-களின் தொடக்கத்தில் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து ஓல்ட் சாரத்தையும் வாங்கிப் போட்டார். அங்கிருந்து தானே உறுப்பினராகவும் போனார். இந்த ஆளோடு மோதுவதைவிட வேலைக்கு வைத்துக்கொள்வதே மேல் என்று கம்பெனி முடிவெடுத்தது. 1698-ல் சென்னைக் கோட்டையின் கவர்னராக அனுப்பியது.

பதினொரு வருடம் இருந்தார். 1702-ல் முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்துப் பேரம் பேசி, கடைசியில் பணம் கொடுத்து அனுப்பினார். 1707-ல் வலங்கை, இடங்கைச் சாதியாரிடையே பெரிய தகராறு வந்தபோது பேட்டைகளைப் பிரித்து எல்லை போட முயன்றார். 1708-ல்தான் நான் முதலில் சொன்ன ஐந்து கிராமங்கள் வந்தன. கெட்டிக்கார நிர்வாகி என்று கம்பெனி ஆவணங்களை வைத்து எழுதுகிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கவர்னரின் சம்பளம் சொற்பம். உண்மையான வருமானம் அவர் தன் பெயரில் செய்த வியாபாரத்தில் இருந்தது, அதிலும் குறிப்பாக வைரத்தில்.

கோல்கொண்டா பக்கத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல் ஒன்று ஜாம்சந்த் என்ற வைர வணிகர் மூலம் அவரிடம் வந்தது. நீண்ட பேரத்துக்குப் பிறகு 48,000 வராகனுக்கு முடித்தார். 1702-ல் அதை மகன் ராபர்ட்டிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டியபோது சுமார் 140 காரட் நின்றது. 1717-ல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதி ஓர்லியன்ஸ் கோமகன் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே 1717-ல் தாமஸ் பிட் கார்ன்வாலில் போகானக் என்கிற பண்ணையை 54,000 பவுண்டுக்கு வாங்கினார். கார்ன்வால் என்றால் சின்னச் சின்னத் தொகுதிகள் மண்டிக் கிடக்கும் இடம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நிலமும் தொகுதியும் சேர்ந்தேதான் வந்தன.

தாமஸ் சென்னையில் இருந்த காலத்திலேயே, 1705-ல், மகன் ராபர்ட் ஓல்ட் சாரத்தின் உறுப்பினரானார். அப்பா இங்கே கோட்டையில் உட்கார்ந்து கடிதத்தில் குடும்பத்தையும் நிலத்தையும் அரசியலையும் நடத்திக்கொண்டிருந்தார். கப்பல் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும், ஆனால் தொகுதி எங்கே போகப்போகிறது? வாக்காளர் மனம் மாறுவாரோ என்ற கவலை அவருக்கு வரவே வழியில்லை.

ராபர்ட்டின் இளைய மகன் வில்லியம் பிட். 1735-ல், 26 வயதில், ஓல்ட் சாரத்தின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அண்ணன் தாமஸ் இரண்டு இடங்களில் தேர்வாகி, ஒன்றைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததால் கிடைத்த இடம். 1747 வரை அங்கிருந்தே இருந்தார். ஏழாண்டுப் போரில் இங்கிலாந்தின் போர்த்திட்டத்தை வகுத்தவர் இவர். 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றது, 1761-ல் புதுச்சேரி விழுந்தது எல்லாம் இந்தப் போரின் தென்னிந்தியப் பகுதி. 1766-ல் பிரதமராகவும் ஆனார். சென்னையில் சம்பாதித்த தாத்தா வாங்கி வைத்த மேட்டில் காலூன்றி எழுந்த பேரன், தமிழ்நாட்டை எந்த ஐரோப்பிய நாடு ஆளும் என்பதை முடிவு செய்த போரை நடத்தினார். இதை நான் முதலில் கோத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வில்லியம் பிட்டே 1766 ஜனவரியில் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் வரி போட்ட முத்திரைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொன்னார். இந்தச் சின்னத் தொகுதிகள்தான் நம் அரசமைப்பின் அழுகிய பகுதி, இது ஒரு நூற்றாண்டுகூட நீடிக்காது, தானாக விழாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லாவிட்டாலும் அவர்களுக்காகவும் இங்கே உறுப்பினர்கள் சிந்திக்கிறார்கள், எனவே அவர்களும் பிரதிநிதித்துவம் பெற்றவர்களே என்று அப்போது ஒரு வாதம் இருந்தது. பிட் அதை அருவருப்போடு நிராகரித்தார். அந்தப் பேச்சுக்காக அவரை மதிக்கிறேன். ஓல்ட் சாரம் வழியாக உள்ளே வந்தவர் என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் அதே வாதத்தின் மறுபக்கத்தில் சென்னையும் வங்கமும் இருந்தன. அங்கிருந்த சனங்களுக்கு வரி உண்டு, போர் உண்டு, குரல் இல்லை. அவர்களைப் பற்றி அந்த வாதத்தில் யாரும் நினைக்கவே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனி அதிகாரிகளிடம் தனித்தனியாகக் கடன் வாங்கிக்கொண்டே போனார். வட்டி ஏறிக்கொண்டே போனது. அந்தக் கடனுக்கு ஈடாக வைத்தது நிலவரியை, அதாவது நம் உழவர்களின் விளைச்சலை. தஞ்சாவூர் நெல்மீதுகூட உரிமை கோரினார் பால் பென்ஃபீல்ட் என்ற கடன்காரர். பிறகு அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய் கிரிக்லேடு என்ற தொகுதியின் உறுப்பினரானார். 1785 பிப்ரவரி 28-ல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க், இந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல் கர்நாடகத்தின், அதாவது ஆற்காட்டு நவாப் ஆண்ட பகுதியின், வருமானத்திலிருந்து அடைக்க அரசு உத்தரவிட்டதைக் கண்டித்து நீண்ட உரை ஆற்றினார். பென்ஃபீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உண்டாக்கி வைத்திருந்தார் என்று அதில் குற்றம் சாட்டினார். அப்போது பிரதமர் யார்? தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன், இளைய வில்லியம் பிட்.

அதே ஆண்டு ஏப்ரலில் இதே இளைய பிட் 36 சின்னத் தொகுதிகளை ஒழித்து, அவற்றின் உடையவர்களுக்கு நஷ்ட ஈடு தரலாம் என்று ஒரு தேர்தல் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். 248-க்கு 174 என்று தோற்றது. இரண்டு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் சென்னைப் பணத்தால் உள்ளே வந்தவர்களின் ஆதரவும் அவர் பக்கம் இருந்தது. அதைத் தொட அவர் தயாராக இல்லை. சீர்திருத்தத்தை எதிர்த்தவர்களில் பர்க்கும் உண்டு. அவரும் ஒரு பிரபுவின் கைத் தொகுதியான மால்டனிலிருந்து வந்தவர்தான். இப்படி நல்லவர் கெட்டவர் என்று எளிதாகப் பிரிக்க முடியாத ஒரு காலம் அது.

சரி, ஓல்ட் சாரத்துக்கு வருவோம். மூத்த வில்லியம் பிட்டின் அண்ணன் தாமஸ் பிட் கடனில் மூழ்கி, ஒரு கட்டத்தில் உறுப்பினர்களை நியமிக்கும் உரிமையை வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக்கிடம் பணத்துக்கு ஒப்படைத்தார். 1751-ல் இளவரசர் இறந்ததும் உரிமை திரும்பி வந்தது. குத்தகைக்கு விட்ட நிலம் திரும்பியது போலத்தான். பிறகு அவர் மகன், அப்புறம் பேரன். இந்தப் பேரன், இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு, ஒரு முரட்டு ஆசாமி. 1804-ல் துப்பாக்கிச் சண்டையில் செத்தார். 1801-ல் அவர் ஒரு காரியம் செய்தார். தேசத்துரோக வழக்கில் 1794-ல் விடுதலையான தீவிரச் சீர்திருத்தவாதி ஜான் ஹார்ன் டூக்கை ஓல்ட் சாரத்தின் உறுப்பினராக்கினார். வாக்குரிமையை விரிவாக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர் வாக்காளரே குடியிருக்காத தொகுதியிலிருந்து வந்தார். டூக் இளமையில் பாதிரியாராகப் பட்டம் பெற்றவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, பாதிரியார்கள் உறுப்பினராகக் கூடாது என்று அரசு ஒரு சட்டமே போட்டது. அவர் 1802 வரை மட்டும் இருக்க முடிந்தது. அந்தச் சட்டம் 2001-ல்தான் நீங்கியது.

ஆனால் எனக்கு ஓல்ட் சாரத்தின் உறுப்பினர் பட்டியலில் நெஞ்சைப் பிடித்து நிறுத்துகிற பெயர் வேறு. 1796-லிருந்து 1797 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினர் மார்னிங்டன் பிரபு, ரிச்சர்ட் வெல்லெஸ்லி. பிட் குடும்பத்து மருமகன் கிரென்வில் பிரபுவின் நெருங்கிய நண்பர். அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, ஓல்ட் சாரம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அங்கிருந்து நேராக கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1798 ஏப்ரலில் சென்னையில் இறங்கி, பிறகு கல்கத்தா போனார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்ததை நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அதே மாதம் தஞ்சாவூர் ஆட்சி சரபோஜியிடமிருந்து உடன்படிக்கை மூலம் கம்பெனிக்குப் போனது. 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சியும் போனது. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது இந்தச் சில ஆண்டுகளில்தான். இதற்கெல்லாம் மேலே இருந்து ஆணையிட்டவர், இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டு வரை, ஒரு மனிதர்கூடக் குடியிருக்காத மேட்டின் பிரதிநிதி.

இந்த இடத்தில் இங்கிலாந்து வரலாற்றாசிரியர்கள் சிலர் வழக்கமாகச் சொல்லும் ஒரு சமாதானத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இப்படிப்பட்ட தொகுதிகளால்தான் பணமில்லாத திறமைசாலிகள் இளம் வயதில் உள்ளே வர முடிந்தது, மூத்த பிட்டையும் பர்க்கையும் பாருங்கள் என்பார்கள். திறமை இருந்தது உண்மை. ஆனால் அந்தத் திறமைசாலி நாளைக்குத் தவறு செய்தால் யாரிடம் வந்து நின்று பதில் சொல்வார்? மான்செஸ்டர் நெசவாளி அவரைக் கேட்க முடியாது, ஏனென்றால் அவனுக்கு வாக்கில்லை. பாஞ்சாலங்குறிச்சி உழவன் கேட்கவே முடியாது. ஓல்ட் சாரத்தில் கேட்க ஆளே இல்லை. உடையவர் ஒருவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பிரதிநிதி என்பவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, அவரை யார் மாற்ற முடியும் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கேள்வியில் ஓல்ட் சாரம் முழுசாகத் தோற்றுப்போகிறது.

1802-ல் பிட் குடும்பத்தின் கை விட்டது. நிலத்தின் விளைச்சலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய விலைக்குத் தொகுதியை வாங்கியவர் காலெடன் பிரபு. அவர் பெயரைப் பாருங்கள்: டூ பிரே அலெக்சாண்டர். அயர்லாந்துக் குடும்பம். அப்பா ஜேம்ஸ் அலெக்சாண்டர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரும் செல்வம் சேர்த்து ஊர் திரும்பி, நிலம் வாங்கி, பிரபுப் பட்டமும் பெற்றவர். டூ பிரே என்ற பெயர் 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசையா டூ பிரேயிடமிருந்து வந்தது. அவர் ஜேம்ஸின் சகோதரியை மணந்தவர். ஆக ஒரு சென்னை கவர்னரின் குடும்பத்திடமிருந்து இன்னொரு சென்னை கவர்னரின் உறவுக்காரர்களிடம் ஓல்ட் சாரம் கை மாறியது. கடைசி ஆண்டுகளில் அங்கே உறுப்பினர்களாக இருந்தவர்களில் அலெக்சாண்டர் குடும்பத்தினரே அதிகம். அவர்களில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்.

மேட்டுக்கு வெளியே இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்தது. 1819 ஆகஸ்ட் 16-ல் மான்செஸ்டரில் பிரதிநிதித்துவம் கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின் மேல் குதிரைப் படையை ஏவினார்கள். பீட்டர்லூ என்று அதற்குப் பெயர். பெண்களும் குழந்தைகளும் சேர்த்துப் பலர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். ஓல்ட் சாரத்தின் கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் களத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரத்தடித் தேர்தல் கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அந்த மரத்தடி பாதுகாக்கப்பட்டது குதிரைப்படையின் வாளால்.

1831 மார்ச் 1-ல் லார்டு ஜான் ரஸல் சீர்திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். நம் நாட்டு அரசமைப்பைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பாழடைந்த மேட்டுக்குக் கூட்டிப் போய், இந்த மேடு இரண்டு பேரை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று அவையில் கேட்டார். மார்ச் 22 நள்ளிரவைத் தாண்டிய வாக்கெடுப்பில் 302-க்கு 301. ஒரே ஒரு வாக்கில் மசோதா தப்பியது. அப்புறம் அவை கலைந்தது, தேர்தல் நடந்தது. அந்த 1831 தேர்தலிலும் ஓல்ட் சாரம் தன் இரண்டு பேரை வழக்கம்போல அனுப்பியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளியது. நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டலில் பல நாள் கலவரம். அரசரும் பிரபுக்களும் கடைசியில் வழிக்கு வந்தார்கள். 1832 ஜூன் 7-ல் சட்டமானது. 56 தொகுதிகள் தங்கள் உறுப்பினர்களை முழுவதுமாக இழந்தன, அந்தப் பட்டியலில் ஓல்ட் சாரமும் உண்டு. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் லீட்ஸுக்கும் ஷெஃபீல்டுக்கும் ஆளுக்கு இரண்டு கிடைத்தன.

இந்தச் சட்டத்தைப் பெரிதாகக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சொத்து இல்லாத ஆண்களுக்கு வாக்கு வரவில்லை. சட்டத்தில் ஆண் என்று முதன்முறையாக எழுதி, பெண்களை வெளியே தள்ளினார்கள். ரகசிய வாக்குப்பதிவு வர 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை வர 1928 வரை. ஆனாலும் மண்ணுக்கு வாக்கு என்பதை ஒழித்தது பெரிய காரியம்தான். அதற்காகத் தெருவில் நின்றவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தச் சட்டத்தால் வாக்கு கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் அவர்கள் மேல் இன்னும் மரியாதை கூடுகிறது.

கடைசியாக ஒன்று. 1800-ல் அயர்லாந்து நாடாளுமன்றத்தை இங்கிலாந்தோடு இணைத்தபோது, அங்கே ஒழித்த ஒவ்வொரு சின்னத் தொகுதிக்கும் உடையவருக்கு 15,000 பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். இளைய பிட்டின் 1785 திட்டத்திலும் நஷ்ட ஈடு இருந்தது. தொகுதி என்பது வீடு, தோட்டம் மாதிரி ஒரு சொத்து, எடுத்தால் விலை தர வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. 1832-ல் இங்கிலாந்தில் அப்படி ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. பிரதிநிதித்துவம் யாருடைய சொத்தும் இல்லை என்று அந்தச் சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஓல்ட் சாரத்துக்குப் பெரும் விலை கொடுத்திருந்த காலெடன் பிரபுவுக்கு அதன் உறுப்பினர்களுக்காக எதுவும் கிடைக்கவில்லை.